ஹாகன் வேலிக்கு அப்பால்

எழுதும் தகுதி தமக்கு உண்டென்று எண்ணாத ஒருவர் இதை எழுதுகிறார் என்பதை வாசகர்கள் முதலிலேயே அறிந்து மன்னித்தருள வேண்டும். வில்வேட்டையைப் பற்றி எழுத வேட்டையாடுவோர் இருக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத அங்கேயே பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவரும் எழுத முன்வராமையால், நெடுநாள் அங்கே குடியிருந்த உரிமை ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு, ஆர்டிஸ் ட்வெய்ட் அம்மையாருக்கு ஓர் அக்டோபரில் நேர்ந்ததைக் கேட்டறிந்தவாறே எழுதத் துணிந்தாயிற்று. குறைகள் எழுதியவருடையவை.

ஆர்டிஸ் அம்பை விடுத்த கணத்தில் மான் ஓர் அடி முன்னே வைத்தது. நடந்தது அவ்வளவுதான்.

அந்த ஓர் அடியால், விலாவில் நெஞ்சறையைத் துளைத்திருக்க வேண்டிய அம்பு பின்தள்ளி வயிற்றில் இறங்கிற்று. அதற்குரிய ஓசையும் வேறு. ஈரச் சாக்கைத் தடியால் தட்டியதுபோல் ஒலித்தது. நெஞ்சில் அம்பு பட்ட மான் குதித்தெழுந்து காட்டை உடைத்துக்கொண்டு ஓடும். இதுவோ முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி, எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் போவதுபோல் நடந்தே போயிற்று. பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. மரத்துப் பரணில் அமர்ந்திருந்த ஆர்டிஸ் வில்லை மடியில் கிடத்திக்கொண்டு, மான் புதருக்குள் மறைந்து வெகுநேரம் ஆகும்வரை கீழே இறங்கவில்லை.

வில் மகளுடையது. கப்பிகள் வைத்த, இழுப்பதற்கு இலகுவான வில். கணவர் ஓர்லினின் கனத்த வில் தொழுவத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் அவருடைய மார்பெலும்பை அறுத்து இதயத்தைச் செப்பம் செய்திருந்தார்கள். வில்லை இழுப்பதும் பால்கேனைத் தூக்குவதும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், வசந்தத்தில் பசுக்களை விற்றார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஓர்லின் கொண்டுவரும் மான்தான் அவ்வீட்டின் குளிர்கால இறைச்சி. நிலவறையிலிருந்த ஃப்ரீசரில் அவ்வாண்டு பட்டாணிப் பைகளும், போன வருடத்து அரைத்த இறைச்சிப் பொட்டலம் ஒன்றுமே மிஞ்சியிருந்தன. ஆகவே ஆர்டிஸ் கோடை முழுவதும் வைக்கோல் கட்டின்மேல் அம்பெய்து பழகினார். வைக்கோல் கட்டு ஓர் அடி முன்னே வைப்பதில்லை.

கீழே இறங்கி அம்பைத் தேடி எடுத்தார். தண்டின் மேல் கருஞ்சிவப்பு இரத்தமும், அதோடு பச்சையாக ஒரு கசிவும் ஒட்டியிருந்தன. முகர்ந்து பார்த்தார். பிறகு அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஓர்லின் சமையலறை மேசையில் சூடான ஓட்ஸ் கஞ்சியில் பழுப்புச் சர்க்கரையைத் தூவிக்கொண்டிருந்தார். கைக்குட்டையை விரித்து அம்பைக் கஞ்சிக் கிண்ணத்தின் பக்கத்திலேயே வைத்தார் ஆர்டிஸ்.

“மோந்து பாரு.”

ஓர்லின் முகர்ந்தார். கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“குடலு.”

“தெரியும். நீ வேற எதாவது சொல்வியோன்னு பாத்தேன்.”

“என்ன சொல்லணும்? ரோஜாப்பூ வாசமடிக்குதுன்னா?”

“விடுற நேரத்துல நகந்துருச்சு ஓர்லின்.”

“எல்லா மானும் அப்படித்தான். நான் விட்டப்பவும் நகந்திருக்கு. நீதான் அப்ப என்னைய வாரம் முழுக்கக் கேலி பண்ணுன.”

“வாரம் முழுக்கல்லாம் இல்ல.”

“சர்ச்சுல பாதிரியார்கிட்டயே சொன்ன!”

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. சன்னல் வழியே மேற்கே பார்த்தார். அக்டோபருக்குப் பொருந்தாத வெக்கை நிலவிற்று. காற்று தெற்கிலிருந்து வந்தது. ஈக்கள் சன்னல் கம்பி வலையில் மொய்த்தன. வானொலியில் மாலைக்கு மேல் மழை என்றார்கள்.

குடலில் அம்பு பட்ட மானை உடனே தொடர்ந்து போகலாகாது என்பது அங்கே எல்லோரும் அறிந்தது. விட்டுவிட்டால் அருகிலேயே படுத்து, மெல்ல மெல்லச் சாகும். துரத்தினால் எழுந்து மேலும் மேலும் போய்விடும், பிறகு கிடைக்காது. ஆனால் மழை பெய்தால் இரத்தத் தடம் அழிந்துவிடும். வெக்கையில் கிடந்தாலோ, கிழிந்த குடலின் சாறு இறைச்சியில் ஊறி எல்லாம் கெட்டுவிடும்.

“மதியம் வரைக்கும் விடு. அதுக்கப்பறம் போகலாம்” என்றார் ஓர்லின்.

“போகலாமா? நீ எங்க வர்ற?”

“டாக்டர் தூக்கக்கூடாதுன்னார். நடக்கக்கூடாதுன்னு சொல்லலையே. நான் டிஷ்யூ சுருளத் தூக்கிட்டு வர்றேன். அதுகூட கனம்னா நீயே தூக்கிக்க.”

மதிய உணவுக்குப் பின் இருவரும் புறப்பட்டார்கள். ஆர்டிஸ் கையில் வில். ஓர்லின் கையில் வெள்ளை டிஷ்யூச் சுருள். இரத்தம் கண்ட இடந்தோறும் ஒரு துண்டைக் கிழித்துக் கிளையில் செருகி வைத்தால், திரும்பிப் பார்க்கையில் மான் போன வழி வெள்ளைக் கோடாகத் தெரியும்.

தடம் எளிதில் பிடிபடவில்லை. குடற்காயம் அதிகம் ஒழுகாது. ஓக் சருகின் மேல் மிளகளவு ஒரு துளி. அடுத்ததைக் காண ஆர்டிஸ் முழங்காலிட்டுத் தவழ வேண்டியிருந்தது. சிவந்த மேப்பிள் இலைகளில் இயல்பாகவே கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். தேய்த்தால் கரைவது இரத்தம்.

“அந்தப் புல்லப் பாரு. ஒசரத்துல ஒட்டியிருக்கு. மேல பட்டு வழியுது” என்றார் ஓர்லின்.

“நீ மூச்சு வாங்குற. ஒக்காரு.”

“மூச்சு வாங்கலன்னாதான் நீ கவலப்படணும்.”

மேட்டின் இறக்கத்தில் மான் படுத்திருந்த இடம் கிடைத்தது. சருகு நசுங்கி, நடுவே கையகல இரத்தமும், மென்ற மக்காச்சோளத் துணுக்குகளும் கிடந்தன. ஆர்டிஸ் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். குளிர்ந்திருந்தது.

“எந்திரிச்சுப் போய் நேரமாச்சு. நம்மளால எந்திரிக்கல” என்றார். அதில் அவருக்குச் சிறிது ஆறுதல் இருந்தது.

“தண்ணி தேடுது. வயித்துல பட்டா காந்தும். தண்ணிக்குத்தான் போவும்.”

தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். ஓடை, முள்வேலிக்கு அப்பால், நார்வல் ஹாகனின் நிலத்தில் ஓடிற்று.

தடம் வேலிக்கே போயிற்று. மேல்கம்பியின் முள்ளில் வெளிர்முடிக் கொத்து ஒன்று சிக்கியிருந்தது. அது வயிற்று முடி. அப்பால் குதிரைமசால் தீவன வயலும், அதன் கடைசியில் ஓடைப் புதரும், மேட்டில் ஹாகனின் வெள்ளை வீடும் தெரிந்தன. வீட்டு முற்றத்தில் பிக்கப் வண்டி நின்றது.

அடுத்தவர் நிலத்தில் மான் விழுந்தால், கேட்டுவிட்டே கால் வைப்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே யாரும் கேட்காமல் தாண்டமாட்டார்கள். கேட்டால் யாரும் மறுப்பதுமில்லை.

“போய்க் கேளு. இருக்கார் பாரு” என்றார் ஓர்லின்.

ஆர்டிஸ் வேலிக்கம்பத்தைப் பிடித்தபடி நின்றார்.

“வெறுங்கையோடயா?”

ஓர்லினுக்குப் புரிந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

அதன் பொருள் இதுதான். ஓர்லின் மருத்துவமனையில் கிடந்தபோது, நார்வலின் மனைவி லவான் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரத்தின் அடியில் ஒட்டுத்தாளில் ‘எல். ஹாகன்’ என்று எழுதியிருந்தது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. எதையாவது சுட்டு நிரப்பிக் கொடுக்கலாமென்று ஆர்டிஸ் எண்ணியிருந்தார். அதற்குள், மார்ச்சு மாதத்தில் லவான் பால் அறையில் மயங்கி விழுந்து இறந்துபோனார். ஆர்டிஸ் அடக்கத்துக்குப் போனார். சர்ச்சின் நிலவறையில் எல்லோருக்கும் காபி ஊற்றினார். நார்வலின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. துக்க வீட்டில் தொந்தரவு வேண்டாமென்று முதலில் போகவில்லை. பின்னர், இத்தனை நாள் போகாமலிருந்ததனால் போக முடியவில்லை. பாத்திரம் சமையலறைத் தொட்டிக்கு அடியில், கழுவித் துடைத்தபடி, மாதக்கணக்காக இருந்தது.

“செத்தவங்க பாத்திரத்தக் கையில வச்சிக்கிட்டு, அவர் வாசல்ல போயி, மானு குடுங்கன்னு நிக்கச் சொல்றியா?”

“பாத்திரத்த யாரு எடுத்துட்டுப் போகச் சொன்னா? வாயை மட்டும் எடுத்துட்டுப் போ.”

“மார்ச்சுலருந்து எட்டிப் பாக்கல. இப்ப எனக்கு வேணும்னதும் வந்து நிக்கிறேன்னு நெனைக்கமாட்டாரா?”

“அப்ப நான் போறேன்.”

“நீ அந்த மேட்ட ஏறுனீன்னா, நாளைக்கு உனக்காக யாராவது எனக்குப் பாத்திரம் கொண்டுவரணும்.”

ஓர்லின் வேலிமுள்ளில் சிக்கிய முடியின்மேல் கடைசி டிஷ்யூத் துண்டைக் கட்டினார். “சரி. என்னதான் பண்ணப்போற?”

“வீட்டுக்குப் போயி பேரீச்சம்பழக் கட்டி ஒரு தட்டு சுடுறேன். சூடா எடுத்துட்டுப் போயிக் கேக்குறேன். நேரமிருக்கு.”

நேரம் இருக்கத்தான் செய்தது. ஆர்டிஸ் விரைவாகவே வேலை செய்தார். பேரீச்சையை வேகவைத்து மசித்தார். ஓட்ஸையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் விரலால் உதிர்த்து, லவானின் பாத்திரத்தில் பாதியைப் பரப்பி, நடுவே பேரீச்சையை வைத்து, மீதியால் மூடி அடுப்பில் தள்ளினார். அடுப்பின் வெக்கையும் வெளிவெக்கையும் சேர்ந்து சமையலறை கொதித்தது. மேற்கே மேகம் ஏறிற்று. ஆயினும் வெளிச்சம் இருந்தது. ஓர்லின் சன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அடுப்பையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மானு ஓடைக்கரையில காத்துக்கிட்டுருக்கு. இங்க கட்டி வெந்துக்கிட்டுருக்கு.”

“வாய மூடு.”

அப்போது தொலைபேசி மணி அடித்தது. ஆர்டிஸ் மாவுக் கையோடு எடுத்தார்.

“ஆர்டிஸ்? நார்வல் பேசுறேன்.”

“சொல்லுங்க நார்வல். எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன். மத்தியானம் வேலிப் பக்கம் நீங்க ரெண்டு பேரும் நின்ன மாதிரி இருந்துச்சு.”

“ஆமா, ஓர்லின் கொஞ்சம் நடக்கணும்ல.”

“ஏதாவது தேடுறீங்களா?”

ஓர்லின் நாற்காலியிலிருந்து எழுந்து இரு கைகளாலும் தலையில் கொம்பு வைத்துக் காட்டினார். ஆர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்படி ஒண்ணும் பெருசா இல்ல நார்வல். நீங்க எதுக்குச் சிரமப்படணும்.”

அங்கே அப்படித்தான் பதில் சொல்வார்கள். முதல்முறை கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் முறைக்குப் பரவாயில்லை என்பார்கள். மூன்றாம் முறை கேட்டபின்தான், நீங்கள் இவ்வளவு சொல்வதனால், என்று ஒத்துக்கொள்வார்கள். காபி தருவதானாலும், டிராக்டர் இரவல் தருவதானாலும், உயிர் போகிற நேரத்து உதவியானாலும் இதே ஒழுங்குதான். ஆர்டிஸ் இரண்டாம் கேள்விக்குக் காத்து நின்றார்.

“சரி அப்ப” என்றார் நார்வல்.

“சரிங்க.”

“மழ வரும்போல.”

“வரட்டும். தேவதான்.”

“சரி அப்ப.”

தொலைபேசி வைக்கப்பட்டது.

“மறுபடி கேட்டாரா?” என்றார் ஓர்லின்.

“கேக்கல.”

“ஒருதடவதான் கேட்டாரா?”

“ஒருதடவதான்.”

ஓர்லின் மெல்ல உட்கார்ந்தார். “கேக்குறதெல்லாம் லவான்தான். அந்தாளு பின்னால நின்னு தலையாட்டுவாரு. நாப்பது வருசமா அந்தாளு எதையும் ரெண்டாம்தடவ கேட்டதில்ல. போனத் திருப்பிப் போடு.”

“ஒண்ணுமில்லன்னு இப்பதான் சொன்னேன். உடனே கூப்புட்டு, இல்ல இருக்குன்னு சொல்லவா? பொய் சொன்னேன்னு ஆயிடாது?”

“ஆகட்டுமே!”

“கட்டி வெந்துரட்டும். நேர்லயே போயிச் சொல்லிடுறேன்.”

கட்டி வெந்தது, ஆனால் அதற்குள் மழை இறங்கிவிட்டது. சாரலாக வராமல் வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டிற்று. வயல் இருண்டது, அன்று போவதற்கில்லை என்றாயிற்று. கொல்லைத் தகரத்தின் மேல் மழை விழும் ஓசையில் ஓர்லின் சொன்னது எதுவும் ஆர்டிஸுக்குக் கேட்கவில்லை. கேட்டதாக அவர் காட்டிக்கொள்ளவுமில்லை. மழை பெய்தும் காற்று குளிரவில்லை.

காலையில் வானம் வெளுத்திருந்தது. காட்டில் இருந்த டிஷ்யூத் துண்டுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. ஆர்டிஸ் பாத்திரத்தைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொள்ள, ஓர்லின் வண்டியை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்.

நார்வல் ஹாகன் கதவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம், உறக்கமற்ற கண்கள். முழங்கால் வரை ஈரமான காற்சட்டை. ஆர்டிஸ் பாத்திரத்தை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு, அதை உயர்த்தி அடியைப் பார்த்தார். ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது.

“இத எங்கெங்கயோ தேடினேன்” என்றார்.

“நான் முன்னமே கொண்டாந்திருக்கணும்.”

“இல்ல இல்ல. அவசரமொண்ணும் இல்ல.”

ஆர்டிஸ் ஓடைப் பக்கம் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். “நார்வல், நேத்து நான் சொன்னது சரியில்ல. ஒரு மான அடிச்சிட்டேன். உங்க வேலியத் தாண்டிருச்சு.”

“தெரியும். ஓடைப் பொதர்ல கெடக்கு.”

“பாத்தீங்களா?”

“நேத்து சாயங்காலமே பாத்தேன். தலையத் தூக்கிட்டுப் படுத்துருந்துச்சு. எந்திரிக்க முடியல. நீங்க கிட்டப் போயிருந்தா இன்னொரு அம்பு போட்டு முடிச்சிருக்கலாம். அதான் போன் பண்ணேன்.”

“ஓ” என்றார் ஆர்டிஸ்.

“நீங்க ஒண்ணும் பெருசா இல்லன்னீங்க. கொடல்ல பட்டத ராத்திரி விட்டுத்தானே எடுப்பாங்க, நீங்களும் விட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். உங்க மானு. நான் ஏன் நடுவுல மூக்க நுழைக்கணும்?”

ஓர்லின் கேட்டார்: “ராத்திரி நரி வரலையா?”

“வந்துச்சுங்க. வண்டிய வயல்ல நிறுத்தி வெளக்கப் போட்டுட்டு ஒக்காந்திருந்தேன். அப்பப்ப ஹாரன் அடிச்சேன். கிட்ட விடல. ஒரு கீறல் இல்ல.” அதைச் சொல்கையில் அவர் முகத்தில் சிறிது பெருமை தெரிந்தது.

“நீயே அறுத்துக் குடல எடுத்திருக்கலாமே நார்வல்” என்றார் ஓர்லின்.

“அடுத்தவங்க மான்ல நான் எப்படிக் கத்தி வைக்கிறது?”

அவர்களும் வைத்திருக்கமாட்டார்கள்.

மூவரும் ஈர வயலைக் கடந்தார்கள். பெண்மான். முன்கால் இரண்டும் நீரில் நீண்டிருக்க, தலை கரையில் சாய்ந்து கிடந்தது. நரி தொடவில்லை. வயிறு மத்தளமாக உப்பியிருந்தது. ஆர்டிஸ் அருகே மண்டியிட்டு, முதலில் அவ்வாண்டு ஒரே மானுக்குச் செல்லும் வேட்டை அனுமதிச் சீட்டை எடுத்துக் காதில் கட்டினார். எது எப்படிப் போனாலும் அது அவர் எய்த மான். பிறகு கத்தியை எடுத்து அடிவயிற்றைக் கீறினார்.

காற்று சீறி வெளியேறிற்று. ஓர்லின் மூக்கைத் திருப்பவில்லை, நார்வலும் திருப்பவில்லை. ஆர்டிஸ் உள்ளே கைவிட்டுக் குடலைத் தள்ளிப் பார்த்தார். முதுகோரச் சதை பச்சை பாய்ந்திருந்தது. பின்தொடையை எலும்பு வரை கீறினார். அங்கும் அதே நிறம், அதே நாற்றம். மறுதொடையையும் கீறினார். தெரிந்தும் கழுத்து வரை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு கையை ஓடையில் அமிழ்த்தி நெடுநேரம் கழுவினார்.

“எப்ப செத்துச்சு?” என்று நீரைப் பார்த்தபடியே கேட்டார்.

“மழ நின்னதுக்கப்பறம் ஒருதடவ வெளக்கடிச்சேன். தலையத் தூக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்கப்பறம்தான்.”

ஆர்டிஸ் தலையசைத்தார்.

“டிராக்டர்ல இழுத்து மேல காட்டுல போட்டுர்றேன்” என்றார் நார்வல். “எதுக்கு ராத்திரி முழுக்க ஹாரன் அடிச்சேனோ அதுங்களே திங்கட்டும்.”

ஓர்லின் சிரித்துவிட்டார். சிரித்ததில் மார்பெலும்பு வலித்தது. அதைப் பிடித்துக்கொண்டே, “நரிகிட்டயாவது ரெண்டாம்தடவ கேளு, நார்வல். மொதல்தடவ வேண்டாம்னுதான் சொல்லும்” என்றார்.

நார்வல் அவரைப் பார்த்தார். பின்பு ஆர்டிஸைப் பார்த்தார். நேற்றைய தொலைபேசிப் பேச்சை மனத்துக்குள் மறுபடி கேட்பவர்போல் நின்றார். அவருடைய கழுத்து சிவந்தது.

“லவான் எத்தன தடவ கேப்பா?” என்றார்.

“மூணு” என்றார் ஆர்டிஸ்.

“நான் எண்ணுனதே இல்ல.”

அவர்கள் மேட்டுக்குத் திரும்பினார்கள். வாசற்படியில் செருப்பின் சேற்றைத் தேய்த்தபடி நின்றபோது, நார்வல் கதவைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவர்போலத் தொடங்கினார்.

“உள்ள வந்து ஒரு வாய் காபி சாப்புடுறீங்களா?”

“சாப்புடுறேன்” என்றார் ஆர்டிஸ்.

நார்வல் திகைத்துவிட்டார். இரண்டாம் கேள்விக்காகத் திறந்த வாயை மூடினார். ஓர்லினும் திகைத்துத் தம் மனைவியைப் பார்த்தார். முதல் கேள்விக்கே அவர் ஒத்துக்கொண்டதை ஓர்லின் அதுவரை கண்டதில்லை.

காபி போட்டிருக்கவில்லை. மூன்று கேள்விக்குள் தண்ணீர் கொதித்துவிடுமென்று நார்வல் எண்ணியிருந்தார் போலும். ஆகவே மூவரும் மேசையில் அமர்ந்து காத்திருந்தார்கள். பாத்திரம் நடுவே இருந்தது. முந்தைய நாளே சுட்ட கட்டி சற்று இறுகிப் போயிருந்தது. நார்வல் ஒரு துண்டை வெட்டி, மென்று, “நல்லாருக்கு” என்றார். பிறகு, “லவான் இதுல கொஞ்சம் எலுமிச்சை போடுவா” என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் அப்பெயரை வேற்றார் முன் அன்றுதான் சொன்னார் என்பதை ஆர்டிஸ் பின்னர்தான் எண்ணிப் பார்த்தார்.

இவ்வளவே நடந்தது. இழந்தவற்றைச் சொல்லி முடிப்பது முறையென்று கருதி இங்கே குறிக்கப்படுகிறது.

இரண்டு வயது மதிக்கத்தக்க பெண்மான் ஒன்று.

அதன் இறைச்சி முழுவதும். அந்தக் குளிர்காலத்தில் ட்வெய்ட் வீட்டார் பட்டாணியும் உருளைக்கிழங்குமே மிகுதியாக உண்டார்கள்.

அவ்வாண்டுக்கான அனுமதிச் சீட்டு.

அம்பு ஒன்று. எவ்வளவு கழுவியும் அதன் இறகிலிருந்து நாற்றம் போகாமையால் எறிந்துவிட்டார்கள்.

ஒரு முழுச் சுருள் டிஷ்யூ.

நார்வல் ஹாகனின் ஓர் இரவுத் தூக்கம்.

அந்த மான் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்த நேரம், மாலை முதல் மழை நிற்கும்வரையும் அதற்குச் சற்று மேலும்.